ஒரே வெயில், மூன்று கூரைகள்

வரி என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே முகஞ் சுளியாதார் அரியர். நான் நாற்பது ஆண்டுகள் பிறருடைய கணக்குகளை எழுதிச் சீவித்தவன். அந்த நாற்பது ஆண்டுகளிலும், "ஐயா, இவ்வருடம் எனக்கு வரி குறைவாக வந்துவிட்டது, இன்னுங் கொஞ்சம் கட்டலாமா?" என்று கேட்டு வந்த ஒருவரையேனுங் கண்டேனில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமையன்று, அதுவும் குடும்பத்தினர் கூடியிருந்து படிக்கும் பக்கத்தில், வரியைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். என் விஷயத்தில் பாதி வெயிலைப் பற்றியது என்பதைச் சொன்னால் ஒருவேளை மனம் இரங்குவீர்கள்.

வரிக்கும் வெயிலுக்கும் உள்ள உறவு பழையது. இங்கிலாந்திலே 1696 ஆம் ஆண்டில் வீடுகளின் யன்னல்களை எண்ணி வரி விதித்தார்கள். பெரிய வீட்டில் யன்னல்கள் பல இருக்கும்; சிறிய வீட்டிற் சில இருக்கும்; ஆதலால் யன்னலை எண்ணினால் செல்வத்தை எண்ணியதாகும் என்பது அவர்கள் கருத்து. மக்கள் என்ன செய்தார்கள்? யன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். 1851 இல் அவ்வரி நீக்கப்படும் வரையில், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எத்தனையோ அறைகள் பகலிலும் இருண்டு கிடந்தன. அவ்வாறு அடைபட்ட யன்னல்களை அந்நாட்டின் பழைய வீடுகள் சிலவற்றில் இன்றுங் காணலாம். வரி ஒன்றை விதித்து மனிதனை இருட்டுக்குள் தள்ள முடியுமாயின், வரி ஒன்றை விட்டுக்கொடுத்து அவனை வெளிச்சத்துக்கு அழைக்கவும் முடியுமன்றோ? இக்காலத்து அரசாங்கங்கள் பல இந்த வித்தையைத்தான் பயின்று வருகின்றன. காற்றாலை நாட்டுகிறாயா, சோலார் பனல் என்று வழங்கும் சூரியத் தகட்டைக் கூரையிலே பதிக்கிறாயா, உன் வரியில் இவ்வளவை நாங்கள் கேட்கமாட்டோம் என்கின்றன.

நம் நாட்டில் இதன் தேவையை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரமின்றி இருந்தோம். நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு வேண்டிய நிலக்கரியும், ஏனைய நிலையங்களுக்கு வேண்டிய எண்ணெயும் கப்பலில் வரவேண்டும், கப்பலுக்கு டொலர் வேண்டும், டொலர் இருக்கவில்லை. அப்பால் அவ்வாண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி நூற்றுக்கு 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் உயர்ந்தது. மின்பட்டியலைப் பிரித்துப் பார்க்க அஞ்சி, மடித்தபடியே சுவாமிப் படத்துக்குப் பின்னாற் செருகி வைத்த வீடுகளை நான் அறிவேன். 2030 இல் நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தில் நூற்றுக்கு 70 பங்கைக் காற்று, வெயில், நீர் முதலிய குன்றாத வழிகளிற் பெறவேண்டும் என்பது அரசாங்கம் வகுத்த குறிக்கோள்.

இக்குறிக்கோளுக்குத் துணையாக, 2021 ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரித் திருத்தச் சட்டத்திலே ஒரு சிறு பிரிவு சேர்ந்தது. இலங்கையில் வதியும் ஒருவர், தம் வளவிலே பொருத்தித் தேசிய மின் கட்டமைப்போடு இணைக்கும் சூரியத் தகடுகளுக்குச் செலவிட்ட பணத்தில், வரி ஆண்டு ஒன்றுக்கு 600,000 ரூபா வரையில் தம் வருமானத்திலிருந்து கழித்துக்கொண்டு, மிகுதிக்கு மாத்திரம் வரி செலுத்தலாம். பிள்ளைகளின் கல்வி, மருத்துவம் முதலிய செலவுகளுக்கு அக்காலத்தில் இருந்த கழிவுகள் 2022 இறுதியோடு எடுபட்டுப் போயின. சூரியத் தகட்டுக்குரியது மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்தது.

2025 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், என் குடும்பத்தைச் சேர்ந்த மூவர் ஒரே வாரத்தில் என்னிடம் வந்து இக்கழிவைப் பற்றிக் கணக்குக் கேட்டார்கள். முதலில் வந்தவன் பெரியக்காவின் மகன். அவன் விசேட வைத்திய நிபுணன். அரசாங்கச் சம்பளமும் மாலை வேளை வருமானமுஞ் சேர்ந்து ஆண்டுக்கு ஐம்பது இலட்சத்தைத் தாண்டும். அடுத்தவள் என் மகள். வங்கியொன்றில் உத்தியோகம், மாதம் இரண்டு இலட்சம். மூன்றாவது என் சின்னக்கா. அத்தான் காலமாகிப் பதினொரு வருடமாயிற்று. வீட்டின் பின்புறத்தில் மிளகாயும் மாவும் அரைக்கும் மில் ஒன்றை அவளே நடத்துகிறாள். மோட்டாரும் பட்டியும் ஓடும் சத்தத்துக்கு மேலாகக் கதைத்துக் கதைத்து, கோயிலிலே கூட அவள் குரல் உரத்தே வரும். செலவு போக ஆண்டுக்கு ஒன்பது இலட்சம் வரையில் கையில் நிற்கும் என்பது என் மதிப்பு. அவளுடைய கணக்கை எழுதிக் கொடுப்பவன் நானாதலால் அம்மதிப்பை நம்பலாம்.

இனி அவர்களுக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கை இங்கேயும் போடுகிறேன். மாணவர்கள் ஒரு கடதாசியை எடுத்துச் சரிபார்க்கலாம். 2025 ஏப்ரலில் தொடங்கிய வரி ஆண்டில், ஒருவர் உழைக்கும் முதல் 18 இலட்சத்துக்கு வரியில்லை. அதற்கு மேலுள்ள முதற் பத்து இலட்சத்துக்கு நூற்றுக்கு 6 வீதம். அடுத்து ஐந்து ஐந்து இலட்சமாக 18, 24, 30 என்று ஏறி, மிஞ்சியதற்கெல்லாம் 36 வீதம். மூவரும் ஆளுக்கு ஆறு இலட்சம் ரூபாவுக்குத் தகடு வாங்குகின்றனர் என்று வைத்துக்கொள்வோம்.

வைத்தியனுடைய வருமானத்தில் 43 இலட்சத்துக்கு மேற்பட்ட பகுதி முழுவதும் 36 வீதத்தில் நிற்கிறது. அதிலிருந்து ஆறு இலட்சத்தை எடுத்துவிட்டால் அவனுக்கு மிச்சமாகும் வரி 216,000 ரூபா. என் மகளின் வருமானம் 24 இலட்சம். 18 இலட்சம் போக வரிக்கு உட்படுவது ஆறு இலட்சம். அதற்கு அவள் செலுத்த வேண்டியது 36,000 ரூபா. தகட்டுக் கழிவால் அது இல்லாமற் போகிறது. அவளுக்கு மிச்சம் அந்த 36,000 தான். சின்னக்காவுக்கோ வரியே இல்லை. இல்லாத வரியிலிருந்து எதைக் கழிப்பது?

"தம்பி, எனக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டாள்.

"ஒண்டும் வராது, அக்கா."

"ஏன்? என்ரை கூரையிலை வெயில் விழேல்லையோ?"

இதற்கு நான் மறுமொழி சொல்வதற்கு முன்னரே மருமகன் முந்திக்கொண்டான். அவன் கெட்டவனல்லன், வாதத்தில் மாத்திரம் வல்லவன். "மாமா, வரி கட்டுறவனுக்குத்தானே வரிச் சலுகை குடுக்கலாம்? நான் கட்டுற வரியோடை பார்க்க இந்த இரண்டு இலட்சம் எந்த மூலைக்கு? சின்னம்மா கட்டாத வரியிலை அரசாங்கம் எதை விட்டுக்கொடுக்கிறது?" என்றான்.

வாதம் சரிபோலத் தோன்றும். ஆயினும் சின்னக்கா வரி கட்டாதவள் என்பது பிழை. வருமான வரி கட்டாதவள் என்று சொல்லவேண்டும். 2024 சனவரி முதலாகப் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 வீதம். மோட்டாருக்குப் பட்டி வாங்கினாலும், பேரப்பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினாலும் அவ்வரி அவளுடைய பணப்பையிலிருந்து போகிறது. திறைசேரி ஒரு கையால் 216,000 ரூபாவை விட்டுக்கொடுத்தால், அந்தக் குறையை மற்றக் கையால் எங்கிருந்தாவது நிரப்பியே ஆகவேண்டும். நிரப்புகிறவர்களில் சின்னக்காவும் ஒருத்தி. அன்றியும், கழிவு கொடுக்கும் நோக்கம் என்ன என்பதையும் கேட்கவேண்டும். வரி கட்டுபவருக்கு நன்றி செலுத்துவதுதான் நோக்கமாயின் மருமகன் சொல்வது முற்றும் பொருந்தும். நிலக்கரியை மிச்சம் பிடிப்பது நோக்கமாயின், ஓர் அலகு மின்சாரம் எவருடைய கூரையிலிருந்து வந்தால் என்ன? நுரைச்சோலையில் மிஞ்சும் கரி ஒன்றுதானே?

வருமானத்திலிருந்து கழிவு கொடுத்துக் காரியம் செய்விக்கும் இம்முறையை நான் முதன் முதலிற் கண்ணாரக் கண்டது இலங்கையிலன்று. 1995 ஆம் ஆண்டில் நான் திருச்சிராப்பள்ளியிலே தங்கியிருந்தேன். நம்மவர் பலர் அக்காலத்தில் அங்கே இருந்த காரணத்தை விரிக்க வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் கன்னியாகுமரிக்குப் புறப்பட்டேன். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோயிலுக்குப் போகும் பஸ், முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலருகே சற்று நின்றது. சாரதி இறங்கிக் கும்பிட்டு வந்தார். இறங்கிய எங்களைக் காற்று நிற்கவிடவில்லை. மேற்கு மலைத்தொடர் அவ்விடத்திலே தாழ்ந்து ஆரல்வாய்மொழிக் கணவாயாகத் திறக்கிறது. அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக் காற்று, நெரிசலிலே வாசலைக் கண்ட கூட்டம்போல அதன் வழியே முண்டியடித்துப் பாய்கிறது. அக்கணவாயின் வாயில், கண்ணுக்கெட்டிய தூரம் வரையில், வெள்ளைக் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. ஒரு திருவிழாவைப் பார்ப்பது போல நான் பார்த்தேன்.

என் பக்கத்து ஆசனத்தில் இருந்தவர் கோயம்புத்தூர் நூற்பாலை ஒன்றிற் கணக்கெழுதுபவர். ஒரே தொழிலாகையால் பேச்சு எளிதில் ஒட்டிக்கொண்டது. "எங்கள் முதலாளிக்கும் இங்கே இரண்டு நிற்கின்றன," என்றார். "அவர் இன்னும் வந்து பார்த்ததில்லை. கணக்குப் புத்தகத்திலே பார்த்ததோடு சரி."

அவர் விளக்கியது இதுதான். ஆலையிலே ஓர் இயந்திரம் வாங்கினால், அது தேய்ந்து பழசாவதற்காக ஆண்டுதோறும் அதன் விலையில் ஒரு பங்கை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளப் பல நாட்டுச் சட்டங்களும் இடங்கொடுக்கும். காற்றாலைக்கோ இந்திய அரசாங்கம் விலை முழுவதையும் முதலாண்டிலேயே கழிக்க அனுமதித்திருந்தது. அதாவது நூற்றுக்கு நூறு தேய்மானம். காற்றாலை புத்தம் புதிதாகச் சுழன்றுகொண்டிருக்கும். கணக்கிலோ அது தேய்ந்து மறைந்திருக்கும். அந்நாளிற் கம்பனிகளுக்கு வரி ஏறக்குறையப் பாதி. ஒரு கோடி ரூபாவுக்குக் காற்றாலை நாட்டிய முதலாளி, அரசாங்கத்துக்குப் போகவேண்டிய ஏறக்குறைய அரைக் கோடியை அவ்வாண்டிலேயே கையில் வைத்துக்கொண்டார். இலாபம் மிகுந்த ஆண்டிலே ஆலை முதலாளிகளும் பிறரும் காற்றாலையை நாடியதன் இரகசியம் அது. காற்று அதன் பிறகு வீசினால் நல்லது. வீசாவிட்டாலும் வரி மிச்சந்தான்.

இதைக் கேலி செய்வதற்காக நான் சொல்லவில்லை. அந்தச் சலுகை இல்லாதிருந்தால் தமிழ்நாட்டிற் காற்றாலைத் தொழிலே வேரூன்றியிருக்க முடியாது. இன்று அம்மாநிலத்தின் காற்றாலைகளின் கொள்ளளவு பத்தாயிரம் மெகாவாற்றுக்கு மேற்பட்டது. நுரைச்சோலையின் கொள்ளளவு 900 மெகாவாற்று என்பதை நினைத்தால் அதன் பருமன் விளங்கும். ஆனால் சலுகையினால் வளர்ந்த பயிர் சலுகை நின்றதும் வாடிற்று. நூறு வீதமாக இருந்தது 2002 இல் எண்பதாகக் குறைந்தது. 2012 ஏப்ரலில் முற்றாக நிறுத்தப்பட்டபோது, முந்திய ஆண்டிலே இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ 3,200 மெகாவாற்றுக்குக் காற்றாலைகள் நாட்டப்பட்டிருக்க, அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 1,700 தான் நாட்டப்பட்டன. காற்று என்னவோ இரண்டாண்டும் ஒரே மாதிரிதான் வீசியது. 2014 இல் சலுகை திரும்பி வந்தது. 2017 இல் 40 வீதமாகச் சுருங்கியது.

இதற்கிடையில், 2009 ஆம் ஆண்டின் இறுதியிலே அந்நாட்டார் வேறொரு வழியையுஞ் சோதித்தார்கள். தேய்மானச் சலுகை வேண்டாமென்று விடுபவருக்கு, காற்றாலை தரும் ஒவ்வோர் அலகுக்கும் ஐம்பது பைசா கொடுப்பதாகச் சொன்னார்கள். இது முதலாளியைக் கணக்குப் புத்தகத்திலிருந்து எழுப்பி, எண்ணெய்ப் போத்தலோடு காற்றாலையடிக்கு அனுப்பக்கூடிய சலுகை. சுழன்றாற் பணம், நின்றால் இல்லை. அமெரிக்கரும் இப்பாதையில்தான் நடந்திருக்கிறார்கள். 1980 களின் முற்பகுதியிலே கலிபோர்னியாவிற் காற்றாலைக்குப் போட்ட முதலுக்கு வரிச் சலுகை கொடுத்து, அவற்றிற் பல சரிவரச் சுழலாததைக் கண்டு, 1992 ஆம் ஆண்டின் சட்டத்திலே ஓர் அலகுக்கு 1.5 சதம் என்று உற்பத்திக்கே சலுகையை மாற்றினார்கள்.

அமெரிக்காவின் பேச்சு வந்தபடியால் இன்னொன்று. சின்னக்காவின் கேள்வியை அந்நாட்டிலும் யாரோ கேட்டிருக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டின் சட்டத்திலே, வரி செலுத்தாத நகர சபைகள், பாடசாலைகள், தேவாலயங்கள் முதலியவை சூரியத் தகடு பதித்தால், கழிக்க வரியில்லையே என்று கைவிரிக்காமல், அச்சலுகையைப் பணமாகவே அவற்றுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். வரியில்லாத குடும்பங்களுக்கு அந்த வழி திறக்கவில்லை. பின்னர் 2025 யூலையில் இயற்றிய சட்டத்தினால், வீட்டுக்காரருக்கு இருந்த 30 வீதக் கழிவே அவ்வாண்டு இறுதியோடு முடிந்தது. ஒரு சட்டம் கொடுத்ததை மறு சட்டம் எடுப்பது எங்குமுள்ள வழக்கந்தான்.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். உற்பத்தியான அலகுக்குப் பணங் கொடுக்கும் வழி நமக்கும் புதிதன்று. 2016 ஆம் ஆண்டிலே 'சூரிய பல சங்கிராமய' என்னும் பெயரில் தொடங்கிய திட்டத்தில், வீட்டுக்கு வேண்டியது போக மிஞ்சி மின்மானி வழியாக வெளியேறும் ஒவ்வோர் அலகுக்கும் முதல் ஏழு ஆண்டுகளுக்கு 22 ரூபாவும், அப்பாற் பதின்மூன்று ஆண்டுகளுக்கு 15 ரூபா 50 சதமும் என்று இருபதாண்டு ஒப்பந்தம் எழுதினார்கள். புதிதாகச் சேருவோருக்குரிய விலை பின்னர் பலமுறை மாறியது. ஆனால் ஒரு நாளில் ஒரே அளவான தகட்டோடு சேரும் இருவரில், இவர் வைத்தியர், இவர் மில்காரி என்று மின்மானி பேதம் பாராட்டுவதில்லை. எனக்கு இம்முறை பிடித்திருப்பதன் காரணம் அதுதான். குறை எங்கே என்றால், தகடு வாங்குவதற்கு முதலிலே ஆறேழு இலட்சம் கையில் வேண்டும். ஆசிய அபிவிருத்தி வங்கி 2017 இல் இதற்கென ஐந்து கோடி அமெரிக்க டொலர் கடன் கொடுத்து, உள்ளூர் வங்கிகள் மூலமாக வழங்க உதவியது. சின்னக்கா ஒரு வங்கியிற் போய்க் கேட்டபோது, அரசாங்க உத்தியோகத்தர் இருவரைப் பிணை நிற்க அழைத்து வரும்படி சொன்னார்கள். பிணைக்கு ஆள் தேடி ஊரவர் படலையைத் தட்டுவதிலும் மின்பட்டியலைக் கட்டுவது மானம் என்று திரும்பி வந்துவிட்டாள்.

இங்கே ஒரு விந்தையைச் சொல்லாமல் விட மனமில்லை. மருமகனுடைய வீட்டிலே பகல் முழுவதும் ஆளில்லை. அவனும் மனைவியும் வைத்தியசாலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். உச்சி வெயிலில் அவன் கூரை தரும் மின்சாரம் அவ்வளவும் வெளியே போகும். இரவிலே குளிரூட்டியைப் போடும்போது கட்டமைப்பிலிருந்து திரும்ப இழுப்பான். அப்பொழுது சூரியன் இராது. வேறு நிலையங்களை ஓட்டியே அதைக் கொடுக்க வேண்டும். சின்னக்காவின் மோட்டாரோ காலை எட்டரைக்குத் தொடங்கி நாலு மணிக்கு ஓயும். அவள் கூரையிலே தகடு இருந்தால், வெயில் ஏற ஏற மோட்டார் அதைத் தின்னும். வெளியே போவது சொற்பம்.

இவ்வேற்றுமை சிறிதன்று. 2025 பெப்ரவரி 9 ஆந் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்திலே குரங்கொன்று ஏற்படுத்திய கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குரங்கைப் பற்றிப் பலர் சிரித்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் தொழிற்சாலைகள் பூட்டிக் கிடக்க, வெயில் மின்சாரம் மாத்திரம் பெருகி, பெரிய நிலையங்களின் கனத்த சுழலிகள் குறைவாக ஓடிய வேளையாதலால், அந்தச் சிறு அதிர்ச்சியைக் கட்டமைப்பு தாங்கவில்லை. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே, கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டது. வெயிலைப் பிடிக்க வரிச் சலுகை கொடுத்த நாட்டிலே வெயிலை விட்டுவிடும்படி வேண்டுகோள்! பகலிலே தின்னும் மோட்டாரும், இரவுக்குச் சேமிக்கும் மின்கலமும் இன்றைய தேவை. வைத்தியனுக்கு 216,000, மில்காரிக்குச் சூனியம் என்று சொல்லும் கழிவு, இத்தேவையைக் கண்ணாலும் பார்க்கவில்லை.

என்னைக் கேட்டால், வருமானத்திலிருந்து கழிப்பதை விடுத்து, தகட்டுக்கு இத்தனை ஆயிரம் என்று ஒரே தொகையை வரியிலிருந்து கழிக்கவேண்டும். வரியில்லாதவருக்கு அத்தொகையைத் தகடு விற்பவரின் பட்டியலிலே குறைத்துக் கொடுக்கவேண்டும். மூவருக்குமாகத் திறைசேரி இழப்பது 252,000 ரூபா. அதை மூன்றாகப் பங்கிட்டால் ஆளுக்கு 84,000. திறைசேரிக்கு ஒரு சதமும் கூடச் செலவில்லை. மருமகன் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "நல்ல கணக்குத்தான், மாமா. ஆனால் 84,000 க்கு நான் பனல் பூட்டுவேனோ எண்டு தெரியாது," என்றான். வெளிப்படையாகச் சொன்னான். பணமுள்ளவனை அசைக்கக் கூடுதலான பணம் வேண்டும் என்பது உண்மைதான். இந்தச் சட்டங்களை எழுதுகிறவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் அவ்விலைக்கு அவனை அசைப்பதா, பிணை தேடி அலையும் சின்னக்காவுக்குக் கை கொடுப்பதா என்றால், என் வாக்கு எப்பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவன் ஆடியிலே தகடு பூட்டினான். தகடுகளைத் தன் பெயரில் வாங்கிச் சின்னம்மாவின் கூரையிற் போட்டுத் தான் கழிவு எடுக்கலாமா என்றும் முதலிற் கேட்டான். தன் வளவிலே பொருத்தவேண்டும் என்று சட்டஞ் சொல்கிறது என்றேன். இரண்டு நாள் கழித்து மீண்டும் வந்தான். தனக்கு மிஞ்சும் வரி 216,000 ரூபாவைச் சின்னம்மாவிடமே கொடுத்துவிடப் போவதாகச் சொன்னான். மோட்டார் சத்தத்தின் நடுவே அவள் அதைக் கேட்டு, மில்லை நிறுத்திவிட்டு வந்தாள்.

"அரசாங்கம் உனக்கு விட்ட காசை நீ எனக்குத் தந்தால் அது தருமமாய்ப் போகும், ராசா. தருமம் வாங்கிற அளவுக்கு எனக்கு இன்னும் கை கால் விழேல்லை. கடனாய்த் தா. மாதம் மாதம் திருப்பித் தாறன்."

"வட்டி வேண்டாம், சின்னம்மா."

"வட்டியை ஆர் கேட்டது? உன்ரை பிள்ளையளுக்கு மிளகாய்த்தூள் வாங்காமல் விடு, அது போதும்."

மிகுதிக்குச் சீட்டுப் பணமும், ஊர்ச் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்திற் சிறு கடனும் உதவின. ஆவணி முதற் கிழமையில் அவள் கூரையிலும் எட்டுத் தகடுகள் ஏறின. அன்று முதல் மில்லின் கணக்குக் கொப்பியிலே புதிதாக ஒரு பக்கம் திறந்து, மேலே 'வெயில்' என்று தலைப்பிட்டிருக்கிறாள். மின்பட்டியலில் மிஞ்சிய பணம் ஒரு நிரலில். மருமகனுக்குக் கொடுத்த தவணை மறு நிரலில். ஆவணி, புரட்டாதி, ஐப்பசி மூன்று மாதமும் தவணை முழுதாகப் போயிற்று. கார்த்திகையில் அடைமழை. தகட்டிலும் வெயிலில்லை, முற்றத்திலே மிளகாயுங் காயவில்லை, மில்லுக்கு ஆட்களும் அவ்வளவாக வரவில்லை. அம்மாதம் பாதித் தவணையை எழுதி, 'மிச்சம் தை மாதத்தில்' என்று பக்கத்திற் குறித்து, கீழே கோடு கிழித்திருந்தாள்.